தொங்குற தோலுக்கு எந்த ஆபரேஷன்?

கேள்வி: பேரியாட்ரிக் சர்ஜரி (எடை குறைக்கிற ஆபரேஷன்) பண்ணி 40 கிலோ குறைஞ்சுட்டேன் டாக்டர், இப்ப வயித்துத் தோல் மடிஞ்சு தொங்குது. லைப்போசக்‌ஷன் போதுமா, வயித்துத் தோலை வெட்டி எடுக்கிற டம்மி டக் பண்ணணுமா?
- வாசகி, திருச்சி

பதில்: லைப்போ கொழுப்பைத்தான் உறிஞ்சும்மா, தோலை எடுக்காது, அது மட்டும் பண்ணினா இன்னும் தொளதொளன்னு ஆகிடலாம். தொங்கல் முன்பக்கம் மட்டும்னா டம்மி டக், பிரசவத்துல விலகின வயித்துத் தசை இருந்தா அதையும் அப்பவே இழுத்துத் தைச்சிடுவாங்க. இடுப்பு, பின்பக்கம்னு சுத்தியும் சரிஞ்சிருந்தா சுத்தியும் தோலை வெட்டித் தூக்கித் தைக்கிற லோயர் பாடி லிஃப்ட், ஆனா தழும்பு பெல்ட் போட்ட மாதிரி உடம்பைச் சுத்தி நிக்கும், சேலைக்குள்ள மறையும், அழியாது. எடை 6 மாசமாவது ஏறாம இறங்காம நிக்கட்டும், இன்னொரு குழந்தை ஐடியா இருந்தா அதுக்கப்புறம் பாத்துக்கலாம். ஹீமோகுளோபின், புரோட்டீன் டெஸ்ட் எடுத்துடுங்க, குறைஞ்சிருந்தா புண் ஆற லேட்டாகும். வயிறு, கை, தொடை எல்லாம் ஒரே நாள்ல பேக்கேஜ்னு யாராச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க!