அப்பாவின் லாரியும் பேருந்தும்

போர்முனையில் பணியாற்றிய உங்கள் வீட்டுப் பெரியவரை எப்படி நினைவுகூர்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2019இல் மறைந்த என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

வேலூர் மாவட்டத்தில், தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிவரும் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து, சீனப் போருக்குப் பின் ராணுவம் ஆள்பலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த 1963இல், தம் 19ஆம் வயதில் அப்பா சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி முடித்து படைகளுக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் ஓட்டுநரானார்.

1971 டிசம்பரில் நடந்த பாகிஸ்தான் போரில், எல்லைக்கு அப்பால் ஷகர்கர் பகுதியில் போரிட்டுக்கொண்டிருந்த நம் படைகளுக்கு, ஜம்முவை அடுத்த சாம்பாவிலிருந்து சக்திமான் லாரியில் குண்டுகளை ஏற்றிச் சென்றார். இரவில் முகப்பு விளக்கைப் போடக் கூடாது. முன்னே செல்லும் லாரியின் அடியில், பின் அச்சின் நடுவே வெள்ளையடித்த வட்டத்தின்மேல் விழும் ஒரு சிறு பல்பின் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அதை விட்டு விலகாமலும் அதன்மீது மோதிவிடாமலும் ஓட்ட வேண்டும். "அந்த வெள்ளைய விட்டா வழி போச்சு" என்பார். போரைப் பற்றி எங்களிடம் அவர் சொன்னது அவ்வளவுதான். உடன் சென்ற நண்பர் ஒருவர் திரும்பவில்லை என்பதைக்கூட அம்மா சொல்லித்தான் அறிந்தோம்.

அம்மாவுக்கு அப்போது திருமணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல், '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக முகவரிக்கு இன்லேண்டு கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தார். டிசம்பர் 17 இரவு மேற்கு முனையில் சண்டை நின்றதாக வானொலி சொல்லியும், அப்பாவின் கையெழுத்தைப் பார்க்கும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

1978இல் ஊர் திரும்பியவர், அடுத்த 24 ஆண்டுகள் வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அரசுப் பேருந்து ஓட்டினார். அந்தச் சம்பளத்தையும் ராணுவ ஓய்வூதியத்தையும் சேர்த்துத்தான் எங்கள் மூவரையும் படிக்கவைத்தார். வீட்டில் மின்சாரம் போனால் நாங்கள் தீப்பெட்டியைத் தேடி ஓடுவோம். அவர் "இரு, கண்ணு பழகட்டும்" என்று நிறுத்திவிட்டு, இருட்டிலேயே தடுமாறாமல் எழுந்துபோய் அரிக்கேனை ஏற்றி வருவார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே வெகுகாலம் ஆயிற்று.

மேற்கு முனையில் பணியாற்றியதற்கான பஸ்சிமி ஸ்டார் பதக்கம், படை எண்ணையும் பெயரையும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் இருந்தது. கூடத்துச் சுவரில் அவர் சட்டம் போட்டு மாட்டியிருந்ததோ, விபத்தில்லாமல் பேருந்து ஓட்டியதற்குக் கிடைத்த சான்றிதழை. அதன் கண்ணாடியை அம்மா இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துப் பொட்டு வைக்கிறார்.