முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் முதலாண்டுப் புள்ளியியல் வகுப்புக்கு என்னைச் சக மாணவர் வழிகாட்டியாக நியமித்திருக்கிறார்கள். விரிவுரையில் அவர்களோடு உட்கார்வதும், வாரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து பாடத்தை அலசுவதும் என் வேலை. சுங்கைப் பட்டாணியில் நான் படித்த அதே தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண், "அக்கா, உங்க பழைய இடுபணியைக் கொடுங்க, பார்த்துட்டுத் தந்துடறேன்" என்று கேட்டாள். மறுக்க முடியாமல் அனுப்பிவிட்டேன். பிறகு வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் விரிவுரைஞரின் உச்சரிப்பை யாரோ கேலி செய்தபோது நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டேன். இரண்டும் உறுத்துகின்றன. கண்டிப்பாக இருந்தால் தலைக்கனம் என்கிறார்கள். நெருங்கிப் பழகினால் இப்படி ஆகிறது. நான் எங்கே நிற்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது 'அக்கா' என்ற சொல்தான். நம்மிடையே ஓராண்டு மூத்தவரைக்கூடப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு எழாது. முறை சொல்லி அழைத்துவிட்டால், கேட்டதைப் பெறும் உரிமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். விடுதியில் முதல் மாதத்தை அழுகையை விழுங்கிக் கழிக்கும் பிள்ளைக்கு அது பெரிய துணை. ஆனால் அதே வகுப்பில் உங்களை அக்கா என்று அழைக்காத மலாய், சீன மாணவர்கள் இருப்பார்கள். தமிழராக இருந்தும் கூச்சத்தால் வாய் திறக்காதவர்களும் இருப்பார்கள். அவர்கள் எவருக்கும் கிடைக்காத ஒன்று ஊர்க்காரப் பெண்ணுக்கு மட்டும் கிடைத்தது என்பதுதான் நீங்கள் செய்த பிழை. அவள் அதைப் பார்த்து எழுதினாளா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிவீர்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் கொண்டுவந்தார். அங்கே மாணவர்களையே மாணவர்களுக்கு ஆசிரியராக்கி, அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பிரிட்டிஷ் பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளையிடம் இருந்த கோளாறு, வாத்தியாரின் பிரம்பு அவன் கையிலும் இருந்ததுதான். பிரம்பு இருந்ததால் தின்பண்டக் கையூட்டும் அவனைத் தேடி வந்தது.

1973இல் அமெரிக்காவின் மிசூரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டீன்னா மார்ட்டின் தொடங்கிய துணைக் கற்பித்தல் முறை அந்தப் பிரம்பை எடுத்துவிட்டது. அம்முறையில் வழிகாட்டி என்பவர் அதே பாடத்தை முன்பே நன்றாக முடித்த மாணவர்; விரிவுரையில் மறுபடியும் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்; விடைத்தாள் திருத்தமாட்டார், புள்ளி போடமாட்டார், விரிவுரையைத் திரும்ப நடத்தவும் மாட்டார். உங்கள் வேலையும் ஏறக்குறைய இதுதான். தற்செயலாக மட்டுமே இப்படியொரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் p மதிப்பைக் கணக்கிட்டு, "இந்த 0.03 சரியா?" என்று ஒருவன் கேட்டால், சரி அல்லது தவறு என்று சொல்வது எளிது, அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவான். "0.05க்குக் கீழே வந்தால் என்ன செய்யவேண்டும் என்று உன் நோட்டில் என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் பக்கத்தைப் புரட்டுவான். பக்கத்திலிருப்பவள் தன் நோட்டை நீட்டுவாள். இருவரும் எழுதியது வேறுவேறாக இருக்கும். அங்கிருந்து பாடம் தொடங்கும். இப்படிக் கேட்பதைத் தலைக்கனம் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புலனக் குழுவைப் பொறுத்தவரை, அந்தச் சிரிப்பு முகத்தை நீக்கிவிடுங்கள். அதற்காக நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டியதில்லை. கேலிக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது: சில சொற்கள் அவர்கள் காதில் தெளிவாக விழவில்லை. எந்தச் சொற்கள் என்று குழுவிலேயே கேட்டுத் திரட்டி, "ஐயா, இவற்றைப் பலகையில் எழுதினால் உதவியாக இருக்கும்" என்று விரிவுரைஞரிடம் சொல்லுங்கள். யார் சொன்னார் என்று சொல்லவேண்டாம்.

பெயர் சொல்லாமல் இருப்பதன் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாணவனாக இருந்தபோது, இளையவன் ஒருவன் மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அப்பாவுக்கு வேலை போய்விட்டது, படிப்பை விடப்போகிறேன் என்றான். நல்லெண்ணத்தோடுதான் மறுநாள் அதை ஒரு விரிவுரைஞரிடம் சொன்னேன். அவரும் நல்லெண்ணத்தோடுதான் எல்லாருக்கும் முன்னால் அவனிடம் விசாரித்தார். அவன் படிப்பை முடித்தான். என்னிடம் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. நம்பிச் சொன்னதை வெளியே விடாமல் காப்பதே விதி. ஆனால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் அந்த விதி பொருந்தாது. இதை முதல் சந்திப்பிலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். அப்படி ஒரு நிலை வந்தால் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கு நீங்களே உடன் நடந்து செல்லுங்கள். நள்ளிரவானால், மனம் உடைந்தவர்களின் பேச்சுக்குக் காது கொடுக்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி இருக்கிறது. நீங்கள் ஆலோசகர் ஆக முயலவேண்டாம்.

இனி அந்த இடுபணி. முதலில் அவளைத் தனியாகச் சந்தித்து, "நான் அனுப்பியது தவறு, விரிவுரைஞரிடம் சொல்லப்போகிறேன், நீ உன்னுடையதை நீயே எழுது" என்று சொல்லுங்கள். அவள் முகம் வாடும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்பே விரிவுரைஞரிடம் போய், கொடுத்தது உங்கள் பிழை என்று ஒப்புக்கொள்ளுங்கள். பழைய இடுபணியொன்றை வகுப்பு முழுவதற்கும் மாதிரியாகக் காட்டலாமா என்றும் கேளுங்கள். அவர் சம்மதித்தால் உங்களுடையதையே, விரிவுரைஞர் இட்ட சிவப்பு மைக் குறிப்புகளோடு, எல்லாருக்கும் முன்னால் விரித்து வையுங்கள்.