கரையில் கணவர், கடலில் கேப்டன்

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா,

குன்னூரில் வசிக்கும் எனக்கு வயது 54. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற என் கணவர், 38 அடிப் பாய்மரப் படகொன்றை வாங்கி, வரும் பிப்ரவரியில் கொச்சியிலிருந்து சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாங்கள் இருவர் மட்டும் போக வேண்டும் என்கிறார். ஒத்திகையாகக் கோவாவிலிருந்து கொச்சி வரை சென்றோம். படகு ஒருபக்கம் சாய்ந்தே ஓடுவதால், இடுப்பில் பட்டையை மாட்டிக்கொண்டு, ஆடும் அடுப்பில் கஞ்சி வைக்கக்கூடப் பழகிவிட்டேன். கடல் எனக்குப் பயமில்லை. ஆனால் பாயைச் சுருக்கும் கயிற்றை நான் மாற்றிப் பிடித்ததற்காக நள்ளிரவில் அவர் கத்திய கத்தலை மறக்க முடியவில்லை. வீடு திரும்பிய பின்னும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறிக் காவல் இருந்ததில், சேர்ந்து உட்கார்ந்து ஒருவேளைகூடச் சாப்பிடவில்லை. வரவில்லை என்றால் அவருடைய கனவு கலைந்துவிடுமே என்று தவிக்கிறேன். மகளோ, பாய்மரப் படகில் தனியே சென்ற கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018-இல் நடுக்கடலில் முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்ததைச் சொல்லி, அப்பாவைத் தனியாக விடாதே என்கிறாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

துண்டு துண்டாகத் தூங்குபவரைப் பாதித் தூக்கத்தில் எழுப்பினால், நிதானம் திரும்ப அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் இருட்டும் காற்றும் சேர்ந்துகொள்ளும்போது குரல் உயர்வதைக் குணக்கேடு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குன்னூருக்கு வந்து நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அவர் வாய் திறக்காததற்குத் தூக்கத்தின் மேல் பழி போட முடியாது. நீங்கள் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

சீஷெல்ஸுக்கு ஏறத்தாழ 1,500 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் உங்கள் படகுக்கு இரண்டு வாரம் பிடிக்கும். 2024 அக்டோபரில் தாரிணி என்ற பாய்மரப் படகில் புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த தில்னா, ரூபா இருவரும் நீண்ட பயிற்சி பெற்ற கடற்படை அதிகாரிகள். அவர்களே வழியில் நான்கு துறைமுகங்களில் தங்கித்தான் சென்றார்கள். மூன்றாவதாக ஒருவர் படகில் இருந்தால் நான்கு மணி நேரக் காவலுக்கு எட்டு மணி நேர ஓய்வு கிடைக்கும் (இந்தக் கணக்கு உங்கள் கணவருக்குத் தெரியாததல்ல). எனவே மகளின் அச்சம் நியாயமானதே என்றாலும், அதற்கு மருந்து நீங்கள் உடன் போவதுதான் என்றில்லை. அவருடன் பணியாற்றிய நண்பர்கள் இருவர் போகலாம், நீங்கள் விமானத்தில் சீஷெல்ஸின் மாஹே தீவுக்குச் சென்று சேர்ந்துகொள்ளலாம்.

நீங்களும் படகில் போவதென்று முடிவெடுத்தால், தினமும் அந்தி நேரத்தில், சுக்கானைத் தானியங்கிக் கருவியிடம் விட்டு, இருவரும் சேர்ந்து சாப்பிடுவது என்பதையும், திரும்பிவிடலாம் என்று எவர் சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது என்பதையும் கரையிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். இரண்டாவதற்கு அவர் தயங்கினால், அவருடன் நீங்கள் படகேறுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சிம்ஸ் பூங்காவில் காலையில் நடக்கும்போது பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் இருவருமாக என்னைப் பார்க்க ஊட்டிக்கு வாருங்கள். அவர் மறுத்தால் நீங்கள் மட்டும் வரலாம்.