பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், ரயிலில் ஒரு நாள்

கேள்வி: வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் உள்ள பல்கலைக்கழகத்தில், நான் விரும்பிய மின் பொறியியலே கிடைத்திருக்கிறது. ஒரு நாள் ரயிலில் போகவேண்டிய ஒரு பொறியியல் கல்லூரியிலும் இடம் உண்டு. தரவரிசையில் அது பல படி மேலே. ஆனால் அங்கே உலோகவியல்தான் தருகிறார்கள். முதலாண்டு மதிப்பெண்ணைப் பொறுத்துப் பாடம் மாறலாமாம். அப்பா தொலைவுக்குப் போ என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: அன்பு மகளே, மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். இடம் கருதி அதைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறோம். அதில் ஒன்றரைப் பக்கம் தரவரிசை. ஆய்வகம் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நானும் மின் பொறியியல் படித்தவள். சில ஆண்டுகள் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, 28 ஆண்டுகள் அதையே கற்பித்தேன். படித்த காலம் முழுவதும் வீட்டிலிருந்து போய்வந்தேன். ஆய்வக வகுப்பு நாலரைக்கு முடிந்ததும், ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். விடுதி மாணவர்களுக்கு அந்த ஓட்டம் இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், டி.சி. மோட்டார் ஒன்று ஓடும்போது தீப்பொறி கக்கியது. நான் கிளம்பிவிட்டேன். அவர்கள் அதைப் பிரித்து, மின்சாரத்தை உள்ளே கொண்டுபோகும் கார்பன் பிரஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, அது உரசி நிற்கும் கம்யூட்டேட்டர் என்ற சுழலும் செப்பு உருளைமேல் உப்புத்தாளைச் சுற்றிப் புது பிரஷ்ஷை அந்த வளைவுக்குத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். மறுநாள் காலை மோட்டார் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. என் தோழியின் நகக்கண்களில் கறுப்புத் தூள் அப்போதும் போகவில்லை. அந்த வேலையை நான் கற்றுக்கொண்டது, வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

தரவரிசை பொய் என்று நான் சொல்லவில்லை. அது எதை அளக்கிறது என்று பார். 2003 முதல் வெளிவரும் ஷாங்காய் பட்டியல் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் நூற்றுக்கு 30 மதிப்பெண், ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் பணியாற்றுபவர்களும் பெற்ற நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் போகிறது. முதலாண்டுக் கணிதத்தை உனக்கு யார் நடத்துவார், மின் அலைகளைத் திரையில் காட்டும் ஓர் ஆசிலோஸ்கோப்புக்கு எத்தனை பேர் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்க மாணவர்களைப் பற்றி 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுழைவதற்குக் கடினமான கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பிற்காலச் சம்பளத்தில் பெரும்பாலும் பின்தங்கவில்லை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரி கைகொடுத்தது. வீட்டில் வசதிக்குக் குறைவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பாடம் மாறலாம் என்ற பேச்சை நம்பிப் போகாதே. சென்ற ஆண்டு எத்தனை பேர் மின் பொறியியலுக்கு மாறினார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. உலோகவியல் அருமையான பாடம். அதை விரும்பி எடுப்பவர்கள் நன்றாக வருகிறார்கள். வேறொன்றுக்காகக் காத்திருந்து, கிடைக்காமல், இரண்டாம் ஆண்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வெளிநாட்டு வேலை பற்றியும் கேட்டிருந்தாய். 1989-ல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடு ஒன்று அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகள் இணையாக ஏற்கின்றன. அந்த அங்கீகாரம் படிப்புவாரியாகத் தரப்படுவது. எனவே உன் துறைக்கு அது இருக்கிறதா என்று பார். கல்லூரிக்கு இருக்கிறது என்ற பதில் போதாது.

பக்கத்துப் பல்கலைக்கழகத்திலேயே சேர். ஆனால் விடுதியில் தங்கு. தினமும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் என்றால், ஆறு நாளைக்கு 15 மணி நேரம். அதைவிட, மாலை முழுவதும் பறிபோகும். 'வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்க விடுதி எதற்கு?' என்று அப்பா, அம்மா இருவருமே கேட்பார்கள். அந்த மோட்டார் கதையை அவர்களுக்குப் படித்துக் காட்டு. ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை. இந்த வாரமே ஒரு நாள் மாலை ஐந்தரைக்கு அங்கே போய், மின் எந்திர ஆய்வகத்தின் கதவைப் பார். திறந்திருந்தால் உள்ளே இருக்கும் மாணவர்களிடம் பேசு. பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேள். யாருக்கும் தெரியவில்லை என்றால், சேராமல் எனக்கு உடனே எழுது.