‘10 செ.மீ. மழை’ என்றால் என்ன?

பெய்த நீர் வழிந்தோடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுதான் மழையளவு. லிட்டரில் சொன்னால் ‘எவ்வளவு இடத்தில்?’ என்று கேட்க வேண்டிவரும். உயரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

மொட்டைமாடியில் நேர்ச்சுவர் உள்ள பெரிய டப்பா ஒன்றும் சின்ன டப்பா ஒன்றும் வையுங்கள். பெரியது அதிக நீர் பிடிக்கும்; ஆனால் அதன் அடிப்பரப்பும் பெரிது. ஸ்கேலை விட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஒரே உயரம்தான். (குடம் வேண்டாம். வாய் சிறுத்து வயிறு பெருத்தது, கணக்கு கெடும்.)

1 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். இந்திய வானிலைத் துறையின் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அதனால் நேற்று மாலை மழை இன்றைய பட்டியலில் வரும்.

10 செ.மீ. மழை என்றால் தெருவில் 10 செ.மீ. தண்ணீர் என்று அர்த்தமில்லை: பள்ளத்தில் இடுப்பளவு நிற்கலாம், மேட்டில் சொட்டுக்கூட நிற்காது.