கட்சி தொடங்குமுன் சட்டத்தைப் படியுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ‘இருக்கிற கட்சிகள் மேல் நம்பிக்கை போய்விட்டது, நாங்களே ஒன்று தொடங்குகிறோம்’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கொடியின் நிறத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர்கள், சட்டதிட்ட விதிகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் பதில்கள் சில இடங்களில் கறாராக இருக்கும்.

கட்சியைப் பதிவு செய்யாமலே தேர்தலில் நிற்க முடியுமா? (வாசகர், தேனி)

நிற்கலாம், சுயேச்சையாக. வேட்பாளர் பட்டியலில் கட்சிப் பெயர் வராது. ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால், பதிவு பெற்ற கட்சியின் வேட்பாளருக்குப் பிறகுதான் உங்கள் முறை.

பிப்ரவரியில் மாநாடு நடத்திக் கட்சியை அறிவித்தோம். ஜூனில் விண்ணப்பித்தோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்? (வாசகர், சேலம்)

ஏனென்றால் சட்டம் 30 நாள்தான் தருகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 29ஏ: கட்சி அமைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் தேர்தல் ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மாநாட்டு மேடையில் நீங்கள் அறிவித்த தேதியே உங்களுக்கு எதிரான சாட்சி. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சரியான வரிசை இது. முதலில் சட்டதிட்ட விதிகளை எழுதி முடியுங்கள். அடுத்து, வேறு கட்சியில் உறுப்பினராக இல்லாத, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள 100 பேரிடம் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். 100 பேர் போதும் என்று 100 மட்டும் வாங்காதீர்கள். வாக்காளர் எண் தவறாக இருந்து ஐந்தாறு பத்திரங்கள் அடிபடுவது சாதாரணம், எனவே 120 வரை கையில் இருக்கட்டும். அலுவலக முகவரிக்குக் கட்டட உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். ரூ.10,000-க்கு டி.டி. எடுங்கள், அது திரும்பி வராது. இவ்வளவும் தயாரான பிறகு அமைப்புக் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். 30 நாள் கடிகாரம் அன்றுதான் ஓடத் தொடங்கும்.

விதிகளில் 29ஏ (5) கேட்கும் உறுதிமொழி அப்படியே இருக்க வேண்டும்: அரசமைப்புச் சட்டத்தின் மீதும், சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகள் மீதும் பற்று, நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டைக் காத்தல். இதில் ஒரு சொல்லை உங்கள் கொள்கைக்கேற்ப மாற்றி எழுதினாலும் குறை சுட்டிக் கடிதம் வரும். பிறகு இரண்டு தேசிய நாளிதழ், இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் இரண்டு நாள் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள். விளம்பரச் செலவு பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதற்குப் பணம் ஒதுக்காமல் பாதியில் நின்ற கட்சிகள் உண்டு.

தேர்தல் அறிவிப்பு வந்ததும், எங்கள் வேட்பாளர் எல்லோருக்கும் ஒரே பொதுச்சின்னம் கேட்கலாம்தானே? (வாசகர், நாகர்கோவில்)

அதற்குள் காலம் கடந்திருக்கும். சின்னங்கள் ஆணை 1968, பத்தி 10பி-யின்படி, சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். முதலில் வந்தவருக்கே முன்னுரிமை. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயி சின்னத்தை இழந்து ‘மைக்’ சின்னத்தில் நின்றது இதனால்தான். வேறொரு கட்சி முன்பே கேட்டு வாங்கிவிட்டது. பல ஆண்டு மக்களிடம் பழக்கிய சின்னமாக இருந்தாலும், தேர்தலில் போதிய வாக்கோ இடமோ பெற்று ஆணையத்தின் அங்கீகாரம் கிடைக்காத வரை அது உங்கள் சொத்து இல்லை.

பொதுச்சின்னம் பெற, சட்டமன்றத்துக்கு மொத்த இடங்களில் குறைந்தது 5 சதவீதத்தில் போட்டியிட உறுதி தர வேண்டும். தமிழ்நாட்டின் 234-க்கு 12 தொகுதி. தணிக்கை செய்த கணக்குகளும் முந்தைய தேர்தல்களின் செலவு அறிக்கையும் இல்லாவிட்டால் விண்ணப்பம் நிற்காது. எந்தக் கேள்விக்கும் கடைசியில் நான் கணக்கில்தான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைவரே வாழ்நாள் தலைவர் என்று விதியில் எழுதியிருக்கிறோம். ஆணையம் ஏன் ஆட்சேபிக்கிறது? தொண்டர்கள் எல்லோருக்கும் சம்மதம்தான். (வாசகர், மதுரை)

ஆட்சேபிப்பதே சரி. எல்லோருக்கும் சம்மதம் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாக்கெடுத்து அதை நிரூபிப்பதில் என்ன தயக்கம்?

பதவிக்காலம், உட்கட்சித் தேர்தல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, யார் வாக்களிப்பது ஆகிய மூன்றும் விதிகளில் தெளிவாக இருக்க வேண்டும். இடைவெளி ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது. 2022-இல் ஆந்திரக் கட்சி ஒன்று நிரந்தரத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததாகச் செய்தி வந்தபோது, அது இயல்பிலேயே ஜனநாயகத்துக்கு எதிரானது என்று ஆணையம் எழுத்திலேயே சொன்னது. ஆனால் பதிவான பிறகு கட்சிகள் இதை மீறினால் ஆணையத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது. மோசடியாகப் பெற்ற பதிவு போன்ற சில சூழல்களைத் தவிர, பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சட்ட ஆணையம் 1999-இல் சொன்னது, 2015-இல் மறுபடி சொன்னது. எந்த அரசும் செய்யவில்லை, ஏனென்றால் எந்தப் பெரிய கட்சிக்கும் அது வேண்டாம்.

என்னை வருத்துவது பெரிய கட்சிகள் அல்ல. வாரிசு அரசியலை எதிர்த்து, ஒற்றை ஆள் ஆதிக்கத்தை எதிர்த்துத் தொடங்கும் புதுக் கட்சிகளின் விதிகளை வாங்கிப் பாருங்கள். பழைய கட்சியின் விதிகளில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். தலைவர் பொருளாளரை நியமிப்பார், மாவட்டச் செயலாளரை நியமிப்பார், யாரையும் காரணம் சொல்லாமல் நீக்குவார், வேட்பாளரைத் தன்னந்தனியாக முடிவு செய்வார். இந்த அமைப்பிலிருந்து வேறு விதமான அரசியல் எப்படி வரும்? நாட்டுக்குத் தேர்தல் சீர்திருத்தம் கேட்கும் கட்சி, தன் உறுப்பினருக்கு ஒரு வாக்குப்பெட்டி வைக்க மறுப்பதை என்னால் ஏற்க முடியாது.

விதிகளை எழுதும்போது இவற்றைச் சேருங்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. பொதுக்குழுவில் நியமன உறுப்பினர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. பொதுக்குழுவைக் கூட்டும் உரிமை தலைவரிடம் மட்டும் இருந்தால் அவர் கூட்டவே மாட்டார்; எனவே மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் கூட்டியாக வேண்டும் என்று வையுங்கள். குறைந்தபட்ச வருகையை எண்ணிக்கையாகவோ பங்காகவோ குறிப்பிடுங்கள். ‘போதுமான உறுப்பினர்’ என்று எழுதினால் நீதிமன்றத்தில் சிரமப்படுவீர்கள். பொருளாளர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். வங்கிக் காசோலையில் அவர் உட்பட இருவர் கையெழுத்து. உட்கட்சித் தேர்தலை நடத்துபவர் அதில் போட்டியிடக் கூடாது. உறுப்பினர் பட்டியலைத் தேர்தலுக்கு 60 நாள் முன்பே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் லாரி லாரியாக உறுப்பினர் சேர்வார்கள். நீக்குமுன் எழுத்தில் நோட்டீஸ், பதில் சொல்ல 15 நாள், மேல்முறையீட்டுக்குத் தனிக் குழு.

இன்னொன்றையும் யோசியுங்கள். கட்சி உடைந்து வழக்கு வந்தால் பொதுக்குழுவில் பெரும்பான்மை யாருக்கு என்றும் பார்ப்பார்கள். பட்டியலே ஒழுங்காக இல்லாத கட்சியில் அதை யாராலும் எண்ண முடியாது. நிர்வாகிகளோ முகவரியோ மாறினால் உடனே ஆணையத்துக்குத் தெரிவிப்பதும் சட்டக் கடமை.

2016-லிருந்து எல்லாத் தேர்தலிலும் கூட்டணியில் நின்றோம், ஒருமுறை வென்றோம். ஆனாலும் ‘போட்டியிடவில்லை’ என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. (வாசகர், ஈரோடு)

பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றீர்களா? அப்படியானால் ஆணையத்தின் பதிவேட்டில் உங்கள் வேட்பாளர் பெரிய கட்சியின் வேட்பாளர். உங்கள் கட்சி ஒரு வாக்கும் வாங்கவில்லை. ஆறு ஆண்டு தொடர்ந்து போட்டியிடாத கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள். 2025 ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் நாடு முழுவதும் 800-க்கும் மேல் போயின. தமிழ்நாட்டில் 60-க்கும் மேல்.

கூட்டணிப் பேச்சில் இதை வலியுறுத்துங்கள்: ஒரு தொகுதியிலாவது சொந்தப் பெயரில், தனிச் சின்னத்தில். அது தோற்கும் தொகுதியாக இருந்தாலும் பரவாயில்லை. நோட்டீஸுக்குக் காலக்கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள்.

நன்கொடையாளர் ஒருவர் வங்கி மூலம் ரூ.10 லட்சம் தருகிறார். 5 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்கிறார். சட்டப்படி சரியா?

இது குற்றம். அவர் அந்த ரூ.10 லட்சத்துக்கும் வருமான வரியில் முழு விலக்குக் கேட்பார்; மாட்டும்போது உங்கள் பொருளாளரும் சேர்ந்து மாட்டுவார். செயல்படாத சிறு கட்சிகள் பலவற்றை இதற்காகவே வருமான வரித்துறை சோதனையிட்டது. ரூ.2,000-க்கு மேல் ரொக்கம் வாங்கினாலே கட்சியின் வரிவிலக்குக்கு ஆபத்து. ரூ.20,000-க்கு மேல் தந்தவர் விவரம், ஆணையத்துக்குத் தரும் நன்கொடை அறிக்கையான படிவம் 24ஏ-வில் போக வேண்டும்.

நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தலா?

இல்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளர் வென்றவர்.

எங்கள் வேட்பாளர் நல்ல வாக்கு வாங்கினார். டெபாசிட் கிடைக்குமா?

எத்தனை வாக்கு, மொத்தம் எத்தனை என்று எழுதாமல் எப்படிச் சொல்வது? செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். சரியாக ஆறில் ஒன்று போதாது. நோட்டா இந்தக் கணக்கில் சேராது. 1,80,000 செல்லுபடியான வாக்கு என்றால் 30,001 தேவை.

இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் படிவம் பி-யைத் தலைவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏற்பார்களா? (வாசகர், திருநெல்வேலி)

மாட்டார்கள். படிவம் ஏ, பி இரண்டிலும் பேனா மையால் போட்ட கையெழுத்து வேண்டும். நகல், தொலைநகல் செல்லாது. வேட்புமனுவின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் மூலப் பிரதி போய்ச் சேர வேண்டும். அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு ஒரு முன்மொழிபவர் போதாது, பத்துப் பேர் வேண்டும், அத்தனை பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். பாகம் எண், வரிசை எண்ணைப் புதிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுக் கட்சிகளின் மனு அதிகம் தள்ளுபடியாவது இங்கேதான். ஒருவர் நான்கு மனு வரை தரலாம். வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனுவும் போடுங்கள். வேட்பாளரின் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஒன்றுமில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

வாக்கு விகிதத்துக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? (வாசகர், கோவை)

பாதி சரியாகும். 2014-இல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத வாக்கில் 39-இல் 37 இடம் பிடித்தது. சுமார் 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. 2024-இல் நாம் தமிழர் 8 சதவீதம் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது, இடம் பூஜ்யம். வாக்கு எல்லாத் தொகுதியிலும் பரவிக் கிடக்கும் புதுக் கட்சியை இப்போதைய தொகுதி முறை நசுக்குகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் விகிதாசாரத்தில் கட்சி தரும் பட்டியலிலிருந்து இடங்களை நிரப்பும் பட்டியல் முறையில், பெயர்களை வரிசைப்படுத்துபவர் கட்சித் தலைவர். உட்கட்சித் தேர்தல் இல்லாத நாட்டில் அந்தப் பட்டியல் விலைக்குப் போகும். இலங்கையில் 225 இடங்களில் 196 மாவட்ட வாரியாகவும் 29 தேசியப் பட்டியலிலும் நிரப்பப்படுகின்றன. மாவட்டத்தில் 5 சதவீதம் எட்டாத கட்சிக்கு இடமில்லை. அங்கே வாக்காளர் தன் விருப்பு வாக்கால் மாவட்டப் பட்டியலின் வரிசையையே மாற்றலாம். அந்த உரிமை இல்லாத மூடிய பட்டியலை நான் ஆதரிக்க மாட்டேன். தொகுதியும் பட்டியலும் கலந்த முறையே இங்கே பொருந்தும்; 1999 அறிக்கையில் சட்ட ஆணையமும் அந்தத் திசையில்தான் போனது. அரசமைப்புச் சட்டம் தொகுதிவாரி நேரடித் தேர்தல் என்றே சொல்வதால் அதைத் திருத்தாமல் இது நடக்காது.

ஓட்டுக்குப் பணம் கொடுத்ததால் தேர்தலை நிறுத்தினார்களே, கொடுத்தவர்களுக்கு என்ன ஆனது?

அரவக்குறிச்சி, தஞ்சாவூர் (2016), ஆர்.கே. நகர் (2017), வேலூர் (2019) எல்லாவற்றிலும் பிறகு தேர்தல் நடந்தது. தேர்தல் நின்றதாலேயே யாரும் போட்டியிடும் தகுதியை இழக்கவில்லை. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் நிறுத்தப் பிரிவு 58ஏ இருக்கிறது. பணத்துக்கும் அப்படி ஒரு பிரிவு கேட்டு ஆணையம் எழுதியது, அரசு ஏற்கவில்லை. நீங்கள் செய்யக்கூடியது: ஆணையத்தின் சி-விஜில் புகார் வசதியில் அந்த இடத்திலிருந்தே படம் எடுத்து அனுப்புங்கள், பழைய படத்தை அது ஏற்காது. தேர்தல் மனு என்றால் முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில். வேட்பாளரோ அவருடைய முகவரோ, அவர்கள் சம்மதத்துடன் வேறொருவரோ கொடுத்ததாகத் தேதி, இடம், பெயரோடு நிரூபிக்க வேண்டும். ‘ஊரெல்லாம் கொடுத்தார்கள்’ என்ற மனு முதல் நாளே விழும்.

சுயேச்சையாக வென்றபின் கட்சியில் சேரலாமா?

சேர்ந்தால் பதவி போகும். அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம்.

தோற்றுவிட்டோம், செலவும் மிகக் குறைவு. கணக்குக் கொடுக்க வேண்டுமா? (வாசகர், கடலூர்)

கட்டாயம். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் வேட்பாளர் தர வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும் இது பொருந்தும். தவறினால் பிரிவு 10ஏ-யின்படி மூன்று ஆண்டு போட்டியிட முடியாது. தேர்தலுக்கென்று திறந்த தனி வங்கிக் கணக்கின் அறிக்கை, நாள்வாரிப் பதிவேடு, பில்கள், வவுச்சர்கள் சேர வேண்டும். ஒருவருக்கு மொத்தமாக ரூ.10,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்திருந்தால் விளக்கம் கேட்பார்கள். கட்சியின் செலவு அறிக்கை வேறு: சட்டமன்றத் தேர்தலுக்கு 75 நாள், மக்களவைக்கு 90 நாள். உங்கள் 30 நாளில் இன்னும் ஒரு வாரம் மீதியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளையே போய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.