ராத்திரியில் தெரியும் சர்க்கரை: சுகர் கிளினிக் சிஸ்டரிடம் கேட்டவை

கேள்வி: வயசு 46. ராத்திரி மூணு நாலு தடவை ஒண்ணுக்கு எழுந்திருக்கேன். ஆனா ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கலை. சர்க்கரையா இருக்குமா?

பதில்: எறும்பை நம்பி இருக்காதீங்க. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐ (மி.கி./டெ.லி.) தாண்டினால் சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் இழுத்துக்கிட்டுப் போகும். அதனால்தான் நாக்கு வறண்டு, தலைமாட்டில் சொம்பு தேவைப்படுது. சொட்டுச் சொட்டாகப் போனால் புராஸ்டேட் சுரப்பி வீக்கமாகவும் இருக்கலாம். எதுவானாலும் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்க. 126-ம் அதற்கு மேலும் வந்தால் இன்னொரு தடவை பார்த்து சர்க்கரை நோய்னு உறுதி செய்வாங்க. 100 முதல் 125 வரை பார்டர், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை.

கேள்வி: மகளுக்கு ஆறு வயசு. படுக்கையை நனைக்கிறது நின்னு மூணு வருஷமாச்சு. ரெண்டு வாரமா மறுபடி நனைக்கிறா. திட்டினாலும் கேக்கலை.

பதில்: திட்டாதீங்கம்மா, அவ கையில் இல்லை. சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். ஆனால் ஓயாத தாகமும் மெலிவும் இருந்தால் நாளைக்குன்னு தள்ளாதீங்க; இன்னிக்கே விரல் நுனி ரத்தத்தைப் பார்த்துடுங்க. இன்சுலின் சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை நோய் குழந்தைகளுக்குச் சில நாளிலேயே முற்றிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கினால் நேரே அவசரப் பிரிவுக்கு.

கேள்வி: அப்பாவுக்கு 71. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போடுறார். விடியக்காலையில் பனியன் தொப்பலா நனைஞ்சிருக்கு, தூக்கத்தில் உளறுறார்.

பதில்: எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். இது சர்க்கரை ஏறினதாக இல்லாமல் இறங்கினதாக இருக்கலாம். ஒரு பெரியவரின் மனைவி தலையணை உறையையே எங்ககிட்ட எடுத்து வந்தாங்க, வியர்வைக் கறை வட்டம் வட்டமாக. அவர் ராத்திரி மூணு தோசையை ஒரு டம்ளர் கஞ்சியாகக் குறைச்சிருந்தார்; மாத்திரை அளவு மட்டும் பழையபடியே.

வியர்த்திருக்கும்போதே எழுப்பி விரல் குத்திப் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தால் மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைச்சுக் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. மீட்டர் இல்லையா? சர்க்கரைத் தண்ணியை முதலில் கொடுங்க. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க, புரை ஏறிடும், 108-க்குக் கூப்பிடுங்க. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாலேயே டாக்டர்கிட்டப் பேசிடுங்க.

கேள்வி: படுத்தால் பாதம் எரியுது, போர்வை பட்டாலே தாங்கலை. வெந்நீரில் வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சர்க்கரையால் நரம்பு கெட்ட காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் பார்ப்பீங்க. மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரையைப் பல வருஷமாகப் போட்டால் ரத்தத்தில் வைட்டமின் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்க. இன்னிக்குப் படுக்கிறதுக்கு முன்னால் வீட்டில் ஒருத்தரை டார்ச் அடிச்சு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்க.